ஒருநாள் கடை அடைக்கலாம்... மறுநாள்?

போன ஜனவரி 1-ம் தேதி என்ன சபதம் எடுத்தீங்க ஃப்ரெண்ட்ஸ்? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ‘தினமும் காலையில 5 மணிக்கு எழுந்து ஓடுவேன்’, ‘ஆறே மாசத்துல தொப்பையைக் காலி பண்ணுவேன்’, ‘இனிமே பரோட்டாவைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டேன்’... இதுல ஏதாவது ஒண்ணு இருந்திருக்கும். சரி, அந்தச் சபதம் எந்தத் தேதியில செத்துப்போச்சுன்னு ஞாபகம் இருக்கா? இருக்காது. சபதம் பிறந்த நாள் எல்லாருக்கும் தெரியும். செத்த நாள்தான் யாருக்கும் தெரியாது.

என் சபதங்கள் செத்த நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அதுல ஒண்ணு சிரிக்கிற கதை. இன்னொண்ணு அப்படி இல்லை. ரெண்டையும் சொல்லத்தான் வந்திருக்கேன். அட்வைஸ் பண்ற தகுதி எல்லாம் எனக்குக் கிடையாது பாஸ். தோத்த கதை சொல்ற தகுதி நிறையவே உண்டு!

ஒன்பது நாள் அர்னால்டு

மதுரையில நான் காலேஜ் செகண்ட் இயர் படிச்சிட்டிருந்த நேரம். டிசம்பர் 31 ராத்திரி, நண்பன் வீட்டு மொட்டை மாடியில நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். மணி 12 ஆனதும் ஊரே வெடி வெடிச்சது. வாய் நிறைய கேக்கோடு ஒருத்தன் ஆரம்பிச்சான்... “மாப்ள, நாளையில இருந்து ஜிம்!” அடுத்தவன், “ஆறு மாசத்துக்கு மொத்தமா பணத்தைக் கட்டிருவோம். பணம் போகுதேன்னாவது போவோம்ல!”ன்னான். என்ன ஒரு மூளை!

ஆறு மாசத்துக்கு 2,400 ரூபாய். அப்பாகிட்ட கேட்டேன். அவர் அரசரடி பக்கம் சின்னதா ஒரு டீக்கடை வெச்சிருக்கார். கல்லாவைத் திறந்து, பத்தும் இருபதுமா எண்ணிக் கொடுத்தார். அப்போ டீ 10 ரூபாய். அதாவது 240 டீ! அந்தக் கணக்கு அன்னிக்கு எனக்குத் தோணலை. கண்ணு முழுக்க அர்னால்டு ஸ்வாஸ்நெகர் போஸ்டர்தான்.

முதல் நாளே எல்லா மெஷினையும் ஒரு கை பார்த்தேன். மறுநாள் பல் தேய்க்கக் கையைத் தூக்க முடியலை. மூணாம் நாள் பஸ்ல கம்பியைப் பிடிக்க முடியலை. பழக்கமில்லாத வேலையைத் திடீர்னு கொடுத்தா தசை நார்கள்ல நுண்ணிய சேதம் ஏற்படும். அந்த வலி ஒண்ணுல இருந்து மூணு நாளுக்குள்ள உச்சத்துக்குப் போய் தானா குறையும்னு இப்போ தெரியும். அப்போ, ‘வலிச்சாத்தான் உடம்பு ஏறுது’ன்னு பெருமைப்பட்டேன். தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு கையை மடக்கிப் பார்த்தேன். எலும்புதான் மடங்குச்சு!

ஒன்பது நாள் தொடர்ந்து போனேன். பத்தாம் நாள் சித்தி வீட்டு விசேஷம், போக முடியலை. பதினோராம் நாள் காலையில அலாரம் அடிச்சப்போ மனசு சொன்னதை அப்படியே எழுதுறேன்... ‘நேத்தே போகலை, கணக்கு உடைஞ்சு போச்சு. திங்கள்கிழமையில இருந்து புதுசா ஆரம்பிப்போம்.’

அந்தத் திங்கள்கிழமை இன்னும் வரலை. மத்த மூணு பேரும் இருபதாம் தேதிக்குள்ள வீடு வந்து சேர்ந்துட்டாங்க. பொங்கலைச் சொல்லி ஒருத்தன், இன்டர்னல் எக்ஸாமைச் சொல்லி ஒருத்தன், காரணமே சொல்லாம ஒருத்தன்.

ஏழு நிமிஷம்

இது சிரிக்கிற கதை. அடுத்தது ஃபைனல் இயர்ல நடந்தது.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு அப்ளை பண்ணியிருந்தேன். அப்பாவுக்குப் போலீஸ் வேலைன்னா ஒரு தனி மரியாதை. ‘கவர்மென்ட் சம்பளம், காக்கிச் சட்டை, அடுப்புச் சூடு இல்லாத வேலை’ம்பார். எழுத்துத் தேர்வுல பாஸாயிட்டேன். அடுத்தது உடல் தகுதித் தேர்வு. உயரம், மார்பளவு பார்த்த பிறகு 1,500 மீட்டர் ஓட்டம். 7 நிமிஷத்துக்குள்ள முடிக்கணும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிஷம் 30 செகண்ட். அதுல தேறினாத்தான் கயிறு ஏறுறது, நீளம் தாண்டுறது எல்லாம்.

1,500 மீட்டர்னா 400 மீட்டர் ட்ராக்ல மூணேமுக்கால் சுத்து. ஒரு சுத்துக்கு 1 நிமிஷம் 52 செகண்ட். பேப்பர்ல பார்த்தா ஈஸி. ஓடிப் பாருங்க, தெரியும்!

லெட்டர் வந்தப்போ கையில 23 நாள் இருந்துச்சு. ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போய் முதல் நாளே வெறி பிடிச்ச மாதிரி பத்து ரவுண்டு. தினமும் காலை, மாலை ரெண்டு வேளை. பன்னிரண்டாம் நாள் முழங்காலுக்குக் கீழ, முன்னெலும்பு ஓரமா சுளீர்னு ஒரு வலி. காலை ஊனவே முடியலை.

அங்கே தினமும் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு அண்ணன் பார்த்துட்டுச் சொன்னார்: “தம்பி, நெஞ்சுக்கூடு சீக்கிரம் பழகிடும். எலும்பும் தசைநாரும் மெதுவாத்தான் பழகும். நீ அதுங்களுக்கு டைமே குடுக்கலை. நாலு நாள் ஓடாத. வலி குறைஞ்சதும் நடந்து ஆரம்பி.”

நாலு நாள் ரெஸ்ட் எடுத்தேன். அஞ்சாம் நாள் வலி இல்லை. ஆனா எழுந்திரிக்கலை. அதே பழைய குரல்... ‘நாலு நாள் போச்சு. இனி என்னத்த ஓடி... தேர்வு அன்னிக்குப் பார்த்துக்கலாம்.’ இடையில ஒரே ஒரு நாள் போய்ட்டு வந்தேன், மனசாட்சிக்காக.

தேர்வு அன்னிக்கு அப்பா கடையை அடைச்சுட்டுக் கூட வந்தார். எனக்கு விவரம் தெரிஞ்சு, காய்ச்சல், கருமாதி தவிர அவர் கடை அடைச்சது அன்னிக்குத்தான். கையில ஃப்ளாஸ்க்ல டீ. கேட்டுக்கு வெளியே, வேப்பமர நிழல்ல மத்த அப்பா அம்மாக்களோட நின்னார்.

விசில் அடிச்சதும் பாய்ஞ்சேன். முதல் சுத்தை 1 நிமிஷம் 20 செகண்டுக்குள்ள முடிச்சேன்னு நினைக்கிறேன். என் பேட்ச்ல நான்தான் முன்னாடி! ரெண்டாவது சுத்துல வாய் காய்ஞ்சது. மூணாவதுல கால் மரக்கட்டை. என்னைத் தாண்டி ஒவ்வொருத்தனா போறான். ஒல்லியா, செருப்புக்கால் அடையாளம் வெயில்ல பதிஞ்சுபோன ஒரு பையன் ஒரே சீரா மூச்சு விட்டுக்கிட்டுப் போனான், ஏதோ கடைக்குப் போறவன் மாதிரி. கடைசி வளைவுல திரும்புறேன், கோடு கண்ணுக்குத் தெரியுது... ரெண்டாவது விசில். 7 நிமிஷம் முடிஞ்சது.

கோட்டுக்கும் எனக்கும் நடுவுல ஒரு நாற்பது மீட்டர் இருக்கும். பத்து பன்னிரண்டு செகண்ட். அவ்வளவுதான். அந்தப் பத்து செகண்ட் எங்கே போச்சுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். படுத்துக் கிடந்த அந்த ஏழு நாள்ல போச்சு.

வெளியே வந்தேன். அப்பா ஒண்ணும் கேட்கலை. மூஞ்சியைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டார். ஃப்ளாஸ்க்கைத் திறந்து, மூடியில டீ ஊத்திக் கொடுத்தார். அவ்வளவு சர்க்கரை போட்ட டீ எனக்கு அன்னிக்குக் கசந்தது.

கடை அடைச்ச மறுநாள்

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அதிகாலை 3.15-க்கு அப்பா எழுந்து முகம் கழுவுற சத்தம் கேட்டுச்சு. வழக்கமா 3.30-க்குத்தான் எழுந்திரிப்பார். எழுந்து போய், “என்னப்பா இவ்வளவு சீக்கிரம்?”னு கேட்டேன்.

சட்டையை மாட்டிக்கிட்டே சொன்னார்: “நேத்து கடை அடைச்சோம்ல... இன்னிக்கு கால்மணி நேரம் முன்னாடியே திறக்கணும்டா. ஒருநாள் அடைச்சா, ‘என்ன அண்ணாச்சி, நேத்து ஆளைக் காணோம்?’னு கஸ்டமர் கேட்பான். ரெண்டு நாள் அடைச்சா, அவனுக்குப் பக்கத்துக் கடை டீ பழகிடும்.”

அவர் எனக்கு அட்வைஸ் பண்ணலை பாஸ். கடையைப் பத்தித்தான் சொன்னார். ஆனா எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. என் ரெண்டு சபதமும் செத்தது நான் தவறவிட்ட நாள்ல இல்லை. அதுக்கு மறுநாள்!

இன்னொண்ணும் கவனிச்சேன். சாவிக்கொத்து, கடைக்குப் போடுற சட்டை, டார்ச் லைட், மூணும் வாசல் பக்கத்து ஆணியில ராத்திரியே தொங்குது. 26 வருஷமா அப்படித்தான். அதிகாலையில அந்த மனுஷன் ‘போகலாமா, வேண்டாமா’ன்னு யோசிக்கிறதே இல்லை. கை தானா ஆணிக்குப் போகுது. சபதமும் போடலை, ஸ்டேட்டஸும் போடலை!

21 நாள் கதை

‘எதையும் 21 நாள் செஞ்சா பழக்கமாயிடும்’னு யாராவது உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க. அந்தக் கணக்கு எங்கேயிருந்து வந்துச்சு தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு அமெரிக்காவுல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். ஆபரேஷனுக்கு அப்புறம் தன்னோட புது முகம் தனக்கே பழக, குறைஞ்சது 21 நாள் போல ஆகுதுன்னு தன் நோயாளிகளைப் பார்த்து 1960-ல ஒரு புத்தகத்துல எழுதினார். கண்ணாடியில முகம் பழகுற கதை, வாய் மாறி வாய் மாறி, ஜாகிங் பழகுற கதையாயிடுச்சு!

நிஜமாவே அளந்து பார்த்தவங்களும் இருக்காங்க. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலியும் அவரோட குழுவும் 96 பேரை 12 வாரம் கவனிச்சு, 2009-ல முடிவை வெளியிட்டாங்க. ஒரு புதுப் பழக்கம் தானா நடக்கிற நிலைக்கு வர, நடுவாந்தரமா 66 நாள். ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை அது மாறுச்சு. சிலருக்கு 18 நாள், சிலருக்குக் கணக்குப் போட்டா 254 நாள்! தண்ணி குடிக்கிற பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கிச்சு, உடற்பயிற்சி லேட்டா ஒட்டுச்சு. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. நடுவுல ஒருநாள் தவறினது, பழக்கம் உருவாகிறதைப் பெருசா பாதிக்கவே இல்லையாம்.

எங்க அப்பா அந்த ஆராய்ச்சியைப் படிச்சதில்லை. ஆனா ரெண்டு பேரும் சொல்றது ஒண்ணுதான்.

இன்னொரு சோதனை, 2002-ல வெளியானது. பிரிட்டன்ல 248 காலேஜ் ஸ்டூடன்ட்ஸை மூணு குரூப்பா பிரிச்சாங்க. வாரத்துல ஒரு தடவையாவது 20 நிமிஷம் நல்லா வியர்க்க உடற்பயிற்சி பண்ணணும், அவ்வளவுதான். ஒரு குரூப்புக்கு ஒண்ணும் சொல்லலை. அதுல 38 சதவிகிதம் பேர் செஞ்சாங்க. ரெண்டாவது குரூப்புக்கு இதயநோய் பயம் எல்லாம் காட்டி ஊக்கம் கொடுத்தாங்க. 35 சதவிகிதம்! மூணாவது குரூப்புக்கும் அதே ஊக்கம். கூடவே ‘எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்துல செய்வேன்’னு எழுதச் சொன்னாங்க. 91 சதவிகிதம்! அதாவது அப்பாவோட ஆணி!

ஷூ வாசல்ல இருக்கட்டும்

அடுத்த தேர்வு எப்போ வரும்னு தெரியாது. ஆனா ஆரம்பிச்சேன். இந்தத் தடவை சபதம் எதுவும் எடுக்கலை. ஒரு துண்டுப் பேப்பர்ல மட்டும் எழுதினேன்: ‘காலை 5.40. ரேஸ்கோர்ஸ். 20 நிமிஷம்.’ வாரத்துக்கு நாலு நாள். ஷூவும் சாக்ஸும் ராத்திரியே அப்பாவோட ஆணிக்குக் கீழ.

முதல் வாரம் ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை. அவ்வளவுதான். ‘இது ஒரு பயிற்சியாடா?’ன்னு ஃப்ரெண்ட்ஸ் சிரிச்சாங்க. எனக்கே கொஞ்சம் வெட்கமா இருந்துச்சு. காலை ஏழு மணிக்கு வாக்கிங் வர்ற தாத்தாக்கள்கூட என்னைவிட வேகம்! ஆனா நாலாவது வாரம் மூணு நிமிஷம் நிக்காம ஓடினேன். ரெண்டு மாசத்துல பத்து நிமிஷம். முன்னெலும்பு வலி எட்டிக்கூடப் பார்க்கலை.

கடையில தொங்குற தினசரி காலண்டர்ல, ஓடின நாள் தாளைக் கிழிக்கும்போது பின்பக்கம் ஒரு டிக் போட்டு அப்பாவோட பில் கம்பியில குத்தி வெச்சேன். பால் பில், பன் பில், நடுவுல என் ஓட்டம்!

எல்லா நாளும் போனேன்னு நினைச்சுடாதீங்க. ஐப்பசி மழையில மைதானம் குளமாச்சு. செமஸ்டர் வந்துச்சு. ஆறு நாள் காய்ச்சல்ல படுத்தேன். நிறைய தவறினேன். ஆனா ஒரே ஒரு விதி வெச்சுக்கிட்டேன். கடை அடைச்ச மறுநாள் கண்டிப்பா திறக்கணும். ஓட வேண்டாம், ஷூ மாட்டிக்கிட்டு மைதானத்தை ஒரு தடவை நடந்து சுத்தினா போதும். மழையா? வீட்டு மாடிப்படியில பத்துத் தடவை ஏறி இறங்கினா போதும். காய்ச்சல்னா, உடம்பு சரியான பிறகு வர்ற முதல் காலை. தவறவிட்ட நாளுக்கு அபராதமா ரெண்டு மடங்கு ஓடுறது மட்டும் கிடையவே கிடையாது. அப்படி ஓடித்தானே கால் போச்சு!

‘எனக்கு மைதானமே இல்லையே’ன்னு கேட்கிறவங்களுக்கு: எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு லேடீஸ் ஹாஸ்டல்ல இருந்தா. காலையில ஆறரைக்கு முன்னாடி கேட்டே திறக்க மாட்டாங்க. அவ மொட்டை மாடியில துணி காயப்போடுற கொடிகளுக்கு நடுவுல ஸ்கிப்பிங் ஆடினா. முதல் வாரம் கீழ் ரூம்ல இருந்து சண்டைக்கு வந்தாங்களாம். மூணாவது வாரம் சண்டைக்கு வந்தவங்கள்ல ரெண்டு பேர் கயிறோட மேலே வந்துட்டாங்களாம்!

உலக சுகாதார நிறுவனம் 2020-ல கொடுத்த கணக்குகூட ரொம்பப் பெரிய கணக்கு இல்லை. பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150-ல இருந்து 300 நிமிஷம் மிதமான பயிற்சி, ரெண்டு நாள் தசைக்கு வேலை. தினமும் அரைமணி நேரம் வேகமா நடந்தா, அஞ்சு நாள்ல 150 வந்துடும். இதுல சிக்ஸ் பேக் வராது. ஆனா பஸ்ஸைப் பிடிக்க ஓடினா மூச்சு வாங்காது.

பில் கம்பியில இருக்கிற தாள்கள்

ஒண்ணரை வருஷம் கழிச்சு மறுபடியும் லெட்டர் வந்துச்சு. மறுபடியும் ட்ராக். இந்தத் தடவை முதல் சுத்துல நான் கடைசியில இருந்து அஞ்சாவது ஆள். பயமா இருந்துச்சு. ஆனா கால் தனக்குத் தெரிஞ்ச வேகத்துல போயிட்டே இருந்துச்சு. கடைசி வளைவுல திரும்பினப்போ விசில் கேட்கலை. கோட்டைத் தாண்டி, மூச்சு வாங்கி நிமிர்ந்து நின்ன பிறகுதான் கேட்டுச்சு. அப்பா அன்னிக்கு வரலை. “நீ ஓடு, நான் கடையைப் பார்த்துக்கிறேன்”னுட்டார்.

அப்புறம் காக்கிச் சட்டை போட்டேன்னு முடிச்சா சினிமா மாதிரி இருக்கும். போடலை. ஓட்டத்துல தேறினேன், கயிறுல கொஞ்சம் குறைஞ்சது, மொத்த மார்க்குல கட்-ஆஃப்புக்குக் கீழ நின்னேன். இன்னிக்கு ஒரு கம்பெனியில கணக்கு எழுதுறேன். வலிக்கலைன்னு சொன்னா பொய். ஆனா ரிசல்ட் வந்த மறுநாள் காலை 5.40-க்கு நான் ரேஸ்கோர்ஸ்ல இருந்தேன். எதுக்குன்னு எனக்கே தெரியலை. கை ஆணிக்குப் போச்சு, கால் ஷூவுக்குப் போச்சு.

எதுக்குன்னு போன வருஷம்தான் தெரிஞ்சது. அப்பாவுக்கு டெஸ்ட் எடுத்தோம். சர்க்கரை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் அடுப்பு முன்னாடி நிக்கிற மனுஷன், ‘நான்தான் நாள் பூரா நிக்கிறேனே, இன்னும் எதுக்கு நடக்கணும்?’னு டாக்டர்கிட்டேயே வாதாடினார். நிக்கிறது வேற, நடக்கிறது வேறன்னு அவர் புரிய வெச்சார்.

இப்போ சாயங்காலம் கடையை என் தம்பி பார்த்துக்கிறான். ஆறு மணிக்கு நானும் அப்பாவும் மைதானத்துல. முதல் நாள் பத்து நிமிஷம்தான். நாலாம் வாரம் இருபது. போன மாசம் சொந்தக்காரங்க கல்யாணத்துக்காக அவர் ரெண்டு நாள் வரலை. மூணாம் நாள், “உடம்பு அசதியா இருக்குடா, திங்கள்கிழமையில இருந்து வர்றேன்”னார்.

அந்தத் திங்கள்கிழமையை எனக்குத் தெரியாதா? “ஏம்ப்பா, ரெண்டு நாள் அடைச்சா கஸ்டமர் என்ன பண்ணுவான்?”னு கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் எதுவும் பேசாம செருப்பைக் கழட்டிட்டு, என்னோட பழைய ஷூவை எடுத்து மாட்டினார். அன்னிக்கு ஒரே ஒரு சுத்துதான் நடந்தோம்.

உங்க ஜனவரி சபதம் எந்த மாசத்துல அடைச்ச கடையா இருந்தாலும் பரவாயில்லை ஃப்ரெண்ட்ஸ். அடுத்த ஜனவரிக்குக் காத்திருக்காதீங்க. திங்கள்கிழமைக்கும் வேண்டாம். இன்னிக்கு ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி அந்த ஷூவைத் தேடி எடுத்து, தூசி தட்டி, வாசல் பக்கம் வெச்சுடுங்க. நாளைக்குக் காலையில ஒரு சுத்து. அது போதும்.